ஏறுன கியரும் எறங்குற கியரும்: கந்தப்பொலையில ஒரு கெப் மாத்துன கதை

காலையில அஞ்சரை மணி இருக்கும், மச்சான் கோல் எடுத்தான். ஹக்கல தாண்டி வெலிமட பக்கம் எறங்குற ரோட்டுல மாமாவோட கெப்போட, அதான் பிக்கப்போட, நிக்கிறான். பிரேக்க மெதிச்சா கால் தரை வரைக்கும் போகுது, ரெண்டாவது கியருக்குத் தட்டி, அப்புறம் முதலாவதுக்குத் தட்டி, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து மலைப்பக்கம் இருக்குற தண்ணிக் கான்ல ஒரு சில்ல விட்டு நிப்பாட்டியிருக்கேன்னு சொன்னான். பின்னால ஒரு டன் கெரட். கெப்பெட்டிபொல எக்கனொமிக் சென்டருக்கு, அதான் மரக்கறி மொத்தச் சந்தைக்கு, போற லோட். அவன் பேசுன பேச்சுல மூச்சு வாங்குறது எனக்கு இங்க ஹட்டன்ல இருந்தே கேட்டுச்சு.

அந்த டர்போ கெப்ப எடுங்க மாமான்னு சொன்னது நான்தான். அப்ப அத வாங்கி மூணு வாரம் கூட ஆகல. அதனாலதான் இத முதல்ல இருந்து கடைசி வரைக்கும் எழுதுறேன், ஏன்னா எங்க கராஜுக்கு வர்ற பாதிப் பேரு இதே கேள்வியத்தான் கேக்குறாங்க, மலைக்கு காத்த அமுக்கி உள்ள தள்ளுற டர்போ என்ஜின் நல்லதா, டர்போ இல்லாத சாதா என்ஜின் நல்லதான்னு. நானும் பல வருஷமா ஏத்தத்த மட்டும் வச்சுத்தான் பதில் சொல்லிட்டு இருந்தேன்.

மாமாகிட்ட முதல்ல இருந்தது ஹைலக்ஸ் எல்என் 106. 2779 சிசி டீசல், டர்போ கிடையாது. நுவரெலியா பக்கம் கந்தப்பொலையில காணி, லீக்ஸ், கெரட், கோவா, சில போகத்துக்கு உருளைக்கிழங்கு. அந்தக் காலத்துல நானுஓயாவுல இருந்து ராகலைக்கு சின்ன ரயில் ஒண்ணு ஓடுச்சே, அதுல கந்தப்பொல ஸ்டேஷன் 6316 அடி உயரத்துல இருந்துச்சு, மீட்டர்ல சொன்னா 1925. இந்த உயரத்த மனசுல வச்சுக்குங்க, கதையில பாதி இதுலதான் இருக்கு.

அவ்வளவு உயரத்துல காத்தோட அழுத்தம் கடல் மட்டத்துல இருக்குறதுல எண்பது சதவீதம் கிட்டத்தான். குளிர் இருக்குறதால காத்து கொஞ்சம் இறுகி அது ஓரளவு சமாளிக்கும், அப்படியும் கொழும்பு காத்தோட பார்த்தா பதினேழு பதினெட்டு சதவீதம் லேசான காத்து. சாதா என்ஜின் தானா இழுக்குற காத்துல ஓடுறது, உள்ள போற காத்து குறைஞ்சா எரிக்கக்கூடிய டீசலும் குறையும். அந்த 2779 சிசி என்ஜின் புதுசுல கீழ 188 நியூட்டன் மீட்டர் டோர்க், அதான் சில்ல சுத்த வைக்கிற முறுக்கு விசை, குடுக்கும், கந்தப்பொலையில அது 155 கிட்ட வந்து நிக்கும். வண்டியில ஒரு கோளாறும் இல்லாமலே இவ்வளவு குறையும்.

மாமாவுக்கு இது தெரியாது. வண்டி இழுக்கலன்னு ஒருத்தர்கிட்ட காட்டியிருக்காரு, அவரு டீசல் பம்ப்ல ஸ்க்ரூவ திருப்பி டீசல கூட்டி விட்டிருக்காரு. முதல் ரெண்டு நாள் நல்லா இழுத்த மாதிரிதான் இருந்துச்சாம். ஆனா காத்து இல்லாத இடத்துல டீசல கூட்டுனா கரும்புகையும் சூடும்தான் மிஞ்சும், ஏத்தத்துல பின்னால வர்றவன் கண்ணத் தொடச்சுட்டுத்தான் ஓட்டணும். அதோட ரேடியேட்டர் மூடி ரப்பர் செத்துப்போயி இருந்துச்சு. இது கொழும்புல ஓடுற வண்டிக்கு சின்ன விஷயம் மாதிரி தெரியும், இங்க அப்படி இல்ல. நம்ம உயரத்துல தண்ணி 93, 94 டிகிரியிலேயே கொதிச்சிரும். நல்ல மூடி அழுத்தத்தப் புடிச்சு வச்சாத்தான் 115 டிகிரி வரைக்கும் கொதிக்காம நிக்கும், மூடி செத்தா அந்த இருபது டிகிரி பாதுகாப்பு போச்சு. றம்பொடையில இருந்து கோழி எரு ஏத்திட்டு வர்ற வழியில ஒரு நாள் ஆவி கிளம்பி, மாமா அப்படியே வீடு வரைக்கும் ஓட்டிட்டு வந்துட்டாரு. ஹெட் கிராக், அதான் சிலிண்டருக்கு மேல இருக்குற மூடி வெடிச்சிருச்சு.

இப்ப ரெண்டு வழி. ஹெட் மாத்தி, பம்ப சரியா செட் பண்ணி பழைய கெப்பையே வச்சுக்குறது, இல்லாட்டி டர்போ கெப்புக்கு மாறுறது. 2020 மார்ச்ல வாகன இறக்குமதிய நிப்பாட்டுனதுக்கு அப்புறம் பழைய கெப் விலை எல்லாம் எங்கயோ போயிருச்சு, 2025ல திரும்ப திறந்துவிட்டும் நம்ம மாதிரி ஆட்களுக்குப் புது கெப் எட்டாத தூரந்தான். அதனால மாமா பார்த்ததும் பாவிச்ச வண்டிதான், டொயோட்டாவோட 2.5 டி ஃபோர் டி, 2494 சிசி, அமுக்குன காத்த ஆற வைக்கிற இன்டர்கூலர் இல்லாத டர்போ, 102 குதிரைச்சக்தி, 260 நியூட்டன் மீட்டர்.

"மருமகனே, சின்ன என்ஜின் எப்படிப்பா பெரிய என்ஜின விட இழுக்கும், எனக்கு நம்பிக்கை இல்ல"ன்னாரு.

அவருக்கு நான் சொன்னத இங்கயும் சொல்றேன். வெளிய போற புகையிலயே ஒரு காத்தாடி சுத்துது, அதே தண்டுல மறுபக்கம் இருக்குற இன்னொரு காத்தாடி வெளிக்காத்த அமுக்கி என்ஜினுக்குள்ள தள்ளுது. மேல காத்து லேசா இருந்தா அது இன்னும் வேகமா சுத்தி குறைஞ்சத பெரும்பாலும் ஈடு கட்டிரும். இந்த டர்போவ மலைக்குன்னே சோதிச்ச கதை ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்பப் புடிச்சது. 1918ல அமெரிக்காவுல சான்ஃபோர்ட் மொஸ்னு ஒரு என்ஜினியர், விமானத்துக்குச் செஞ்ச லிபர்ட்டி என்ஜின ஒரு ட்ரக்ல ஏத்தி பைக்ஸ் பீக்ங்கிற மலை உச்சிக்குக் கொண்டு போனாரு, 4300 மீட்டர். கீழ 350 குதிரைச்சக்தி குடுத்த என்ஜின் உச்சியில டர்போ இல்லாம 230க்கு எறங்கிருச்சு, டர்போவப் போட்டதும் 356. நம்ம நாட்டுலயே உயரமான பேதுருதாலகால 2524 மீட்டர்தான். ஆக உயரத்துக்கு மருந்து டர்போதான், அதுல எனக்கு அன்னைக்கும் சந்தேகம் இல்ல, இன்னைக்கும் இல்ல.

இருந்தாலும் வாய்ப்பேச்சுல வண்டி வாங்கக்கூடாதுன்னு ரெண்டு நாள் ஓட்டிப் பார்த்தோம். மாமாவோட சிநேகிதர் ஒருத்தர்கிட்ட அதே எல்என் 106 நல்ல நிலைமையில இருந்துச்சு, அத இரவல் வாங்கி, விக்க வந்த டர்போ கெப்பையும் கேட்டு எடுத்து, ஒரே சாமான மாத்தி மாத்தி ஏத்துனோம்.

முதல்ல காணிக்குள்ள. மாமாவோட லீக்ஸ் பாத்தியெல்லாம் பள்ளத்துல, அங்க இருந்து மெயின் ரோட்டுக்கு ஒரு நானூறு மீட்டர் ஏத்தம், சில்லு போற இடத்துல மட்டும் கொங்கிறீட், நடுவுல புல்லு, மழை பேஞ்சா சேறு. பதினாறு மூட்டை ஏத்துனோம். சாதா என்ஜின் முதல் கியர்ல எக்ஸிலேட்டர தொடாமலே கிழவன் படி ஏறுற மாதிரி நிதானமா ஏறிப் போயிருச்சு. டர்போ நடு முடக்குல நின்னுச்சு. என்ஜின் நிமிஷத்துக்கு 1500 சுத்துக்கு கீழ இருந்தா அதோட டர்போ தூங்குது, அப்ப அது வெறும் 2494 சிசி என்ஜின் மட்டும்தான், அதுவும் லேசான காத்துல. கிளட்ச்ச பாதி விட்டு ரேஸ் பண்ணி எடுத்தான் மச்சான், கிளட்ச் நாத்தம் மூக்குல ஏறுச்சு. அப்புறம் ஃபோர் லோ, அதான் நாலு சில்லும் மெதுவா பலமா இழுக்குற கியர், போட்டு எடுத்தப்ப ஒரு பிரச்சினையும் இல்லாம ஏறிருச்சு. இதக் கவனமா வாசிங்க, லோ இல்லாத டர்போ கெப்ப பள்ளத்துக் காணி இருக்குறவங்க வாங்கவே கூடாது, மாசத்துக்கு மாசம் கிளட்ச்சுக்குத்தான் சம்பாதிக்கணும்.

ரெண்டாவது, றம்பொடையில இருந்து நுவரெலியா. குருநாகல் பக்கம் இருந்து வர்ற கோழி எருவ கீழ ஒரு இடத்துல இறக்கி வச்சு மாமா கொஞ்சம் கொஞ்சமா ஏத்திட்டு வருவாரு, அதையே ஏத்துனோம். சாதா கெப் முடக்குக்கு முடக்கு ரெண்டாவது கியர், நேர்ல கொஞ்சம் மூணாவது, திரும்ப ரெண்டாவது. டர்போ மூணாவதுலேயே நின்னு லபுக்கலை வரைக்கும் போச்சு, பின்னால பஸ் ஹொர்ன் அடிக்கல, டெம்பரேச்சர் முள்ளு அசையல. மாமாவுக்கு முகமே மாறிருச்சு. எரிபொருளும் டர்போ வண்டிக்குத்தான் சாதகம், பழைய என்ஜின் டீசல முதல்ல ஒரு சின்ன அறைக்குள்ள எரிச்சு அப்புறம் சிலிண்டருக்கு விடுற ரகம், அந்த அறைச் சுவருலேயே சூடு வீணாப் போகும், நேரா சிலிண்டருக்குள்ள அடிக்கிற என்ஜின் அத விட பத்துல இருந்து பதினஞ்சு சதவீதம் சிக்கனம். 2022 டீசல் தட்டுப்பாட்டுல எண்ணெய் ஷெட்டு வாசல்ல ராவெல்லாம் படுத்துக் கெடந்த மனுஷனுக்கு இந்தப் பேச்சு நல்லா உறைச்சுச்சு.

வாங்கியாச்சு.

இப்ப காலையில அஞ்சரை மணிக்கு வருவோம். நான் பைக்க எடுத்துட்டுப் போய்ச் சேரும்போது மணி எட்டு தாண்டிருச்சு. முன் சில்லு ரெண்டும் ஆறிப்போயிருக்கு, ஆனா கருகுன வாசம் இன்னும் இருக்கு. பிரேக் பெடல மெதிச்சுப் பார்த்தேன், கல்லு மாதிரி நல்லா நிக்குது. மச்சான் சத்தியம் பண்றான், கால் தரைக்குப் போச்சுன்னு. எங்கயும் ஒழுகல, பிரேக் ஒயில தள்ளுற மாஸ்டர் சிலிண்டர் நல்லா இருக்கு. சூட்டுல செத்து ஆறுனதும் உயிர் வர்ற பெடல்னா காரணம் ஒண்ணுதான், பிரேக் ஒயில் கொதிச்சிருக்கு. கொதிச்சா உள்ள ஆவி, ஆவிய எவ்வளவு மெதிச்சாலும் அமுங்கத்தான் செய்யும், சில்லப் புடிக்காது. மூடியத் திறந்து பார்த்தா ஒயில் தேயிலைச் சாயம் மாதிரி. வித்தவர் எந்தக் காலத்துல மாத்துனாரோ. டொட் 3 ஒயில் புதுசா இருந்தா 205 டிகிரி தாங்கும், ஈரத்தக் குடிச்ச ஒயில் 140லயே கொதிச்சிரும், நம்ம ஊரு பனியும் தூறலும் அதுக்குத் தேவையான ஈரத்த நல்லாவே குடுக்கும். வாங்கும்போது பிரேக் ஒயில மாத்தாதது என் தப்பு. என்ஜின் ஒயில மாத்துனேன், டீசல் ஃபில்டர மாத்துனேன், இத விட்டுட்டேன்.

ஆனா ஒயில மட்டும் குத்தம் சொல்லிட்டு விட்டுற முடியாது. பழைய கெப்பும் அதே ரோட்டுல அதே லோடோட எத்தனையோ வருஷம் எறங்குச்சு, அதோட பிரேக் ஒயிலையும் யாரும் கும்பிட்டு மாத்துனதில்ல. அப்ப ஏன் அது கொதிக்கல?

"எந்த கியர்ல எறங்குன?"னு மச்சான்கிட்ட கேட்டேன்.

"மூணாவதுலதான். தாத்தா சொல்லிக் குடுத்ததுதானே, ஏறுன கியர்ல எறங்குன்னு. இது மூணாவதுல ஏறுற வண்டி, அதான் மூணாவதுல வந்தேன்."

அவன் ஒரு தப்பும் பண்ணல. நம்ம மலையில லொறி ஓட்டுனவங்க மூணு தலைமுறையா சொல்லி வச்ச பாடம் அது, ஏறுன கியர்லயே எறங்கு. சாதா என்ஜினுக்கு அது நூத்துக்கு நூறு சரி, ஏன்னா ஏறும்போது எவ்வளவு பெரிய என்ஜினோ எறங்கும்போதும் அதே அளவு என்ஜின்தான் வண்டியப் புடிச்சு நிறுத்துது. டர்போவுல அந்தக் கணக்கு உடையுது. 2779 சிசிக்கு 188 டோர்க்னா, 260 டோர்க்குக்கு சாதா என்ஜின் 3800 சிசி கிட்ட வேணும். ஆக இந்த கெப் ஏறும்போது 3800 சிசி வண்டி மாதிரி நடந்துக்குது. எக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்த அந்த நிமிஷம் டீசல் நிக்குது, புகை வேகம் குறையுது, டர்போ சும்மா சுத்துது, அப்ப அது திரும்ப 2494 சிசி. அதோட பழைய என்ஜின்ல கம்ப்ரெஷனும், அதான் சிலிண்டருக்குள்ள காத்த அமுக்குற அளவும், கூட, 22க்கு 1, இதுல 18.5க்கு 1. அதே ரோடு, அதே லோடு, ஆனா புடிக்கிற என்ஜின் சின்னது, அதையும் ஒரு கியர் மேல வச்சு ஓட்டுனா சுத்தும் மூணுல ஒரு பங்கு கிட்ட குறைவு. என்ஜின் புடிக்காத பாரம் எல்லாம் பிரேக்குக்குத்தான் போகணும், வேற வழியே இல்ல.

அது எவ்வளவு பாரம்னு ஒரு கணக்கு போட்டு மாமாகிட்ட காட்டுனேன். வண்டியும் கெரட்டும் சேர்த்து 2.7 டன்னு வைங்க. நுவரெலியாவுல இருந்து வெலிமட பக்கம் எறங்குறப்ப அறுநூறு எழுநூறு மீட்டர் கீழ போறோம். அந்த எறக்கத்துல வண்டி விடுற சக்தி முழுசும் சூடா மாறுனா, ஐம்பது லீட்டர் பச்சத் தண்ணிய கொதிக்க வைக்கலாம். காத்தும் டயரும் கொஞ்சத்த எடுத்துக்கும், மிச்சத்த என்ஜின் எடுக்கணும் இல்ல பிரேக் எடுக்கணும். மாமா ரொம்ப நேரம் பேசல. அத்தைதான் உள்ள இருந்து வந்து, "கல்யாண வீட்டு அண்டா அளவு தண்ணில்ல அது"ன்னாங்க. கணக்க அவங்கதான் சரியாப் புடிச்சாங்க.

எனக்கு உறுத்துறது வேற ஒண்ணு. வாங்குறதுக்கு முன்னால ரெண்டு நாள் ஏத்தம் ஏத்தமா ஓட்டிப் பார்த்தோமே, எறக்கத்துல லோடோட ஒரு தடவை கூட ஓட்டிப் பார்க்கல. மாமாவோட வியாபாரம் எந்தப் பக்கம் ஓடுது? மரக்கறி கீழ போகுது. வாரத்துக்கு மூணு தடவை முழு லோடோட எறங்குறாரு, காலி வண்டியோட ஏறுறாரு. எரு ஏத்துறது போகத்துக்குச் சில நாள்தான். நம்ம மலையில மரக்கறி போடுற அத்தனை பேருக்கும் இதுதான் நிலைமை, பாரம் எறங்கும், வெறுங்கெப் ஏறும். அப்படி இருக்க நாம என்ஜின தேடுறது ஏத்தத்துக்கு. வாங்குறவரும் ஏத்தத்தக் கேக்குறாரு, விக்கிறவரும் ஏத்தத்தச் சொல்றாரு, மெக்கானிக் பாஸ்மாரும் ஏத்தத்துலதான் ஓட்டிக் காட்டுறாங்க.

பிரேக் ஒயில் புதுசு, முன் பேட் புதுசு, பின் ட்ரம்முக்கு லைனர் புதுசு போட்டதுக்கு அப்புறம் அதே லோட ஏத்தி நானும் மச்சானும் திரும்ப எறங்குனோம், இந்தத் தடவை நான் பக்கத்துல உக்காந்து பிரேக் மெதிக்கிறத எண்ணுனேன். ஹக்கலையில இருந்து கெப்பெட்டிபொல வரைக்கும் மூணாவதுல போனப்ப அறுபது தடவைய தாண்டிருச்சு, நடுவுல நானே நிப்பாட்டச் சொல்லி ஆற வச்சேன். மறுநாள் ரெண்டாவதுல, சில முடக்குல முதலாவதுல. பதினெட்டு தடவை. என்ஜின் 3000 சுத்துக்கு மேல கத்துது, மச்சானுக்கு முதல்ல பயம், என்ஜின் உடைஞ்சிரும்னு. உடையாது, டீசல் போகாம சுத்துற சுத்துல டீசல் எரியுற சூடு கிடையாது, சிவப்புக் கோட்ட தாண்டாம இருந்தா சரி. நேரம் ஏழெட்டு நிமிஷம் கூடுச்சு, அவ்வளவுதான்.

அதனால டர்போ கெப்புக்கு இப்ப நான் சொல்றது, ஏறுன கியருக்கு ஒண்ணு கீழ எறங்கு. டேஷ்போர்ட்ல அத எழுதி ஒட்டி வச்சிருக்கோம், ஏன்னா மச்சான் இல்லாத நாள்ல வேற பையன் ஓட்டுவான்.

பராமரிப்பையும் சொல்லிர்றேன், நிறையப் பேரு டர்போ வேணாம்னு பயப்படுறது இதுக்குத்தான். டர்போவோட தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல சுத்துறது, அதத் தாங்குறது ஒரு மெல்லிசான ஒயில் படலம். ஏத்தம் ஏறி வந்த கையோட சாவியத் திருப்பி ஓஃப் பண்ணுனா ஒயில் ஓட்டம் நிக்கும், சூடு நிக்காது, உள்ள இருக்குற ஒயில் கருகி கரியாப் புடிக்கும். ஒண்ணு ரெண்டு நிமிஷம் ஐட்லிங்ல விட்டு ஓஃப் பண்ணுங்க. ஒயில 5000 கிலோமீட்டருக்கு ஒருக்கா மாத்துங்க, நம்ம வண்டிங்க லோ கியர்லயே வாழ்றதால மீட்டர்ல காட்டுற தூரத்த விட என்ஜின் கூட உழைச்சிருக்கும். டீசல் ஃபில்டர்ல தண்ணி தேங்குற இடத்த மாசத்துக்கு ஒருக்கா திறந்து விடுங்க, இந்த என்ஜின்ல டீசல ரொம்ப அழுத்தத்துல அடிக்கிற கொமன் ரெயில் இன்ஜெக்டருக்கு தண்ணி விஷம், பழைய பம்ப் பொறுத்துக்கிட்டத இது பொறுக்காது. நீலப்புகை வந்தாலோ, விசில் சத்தம் புதுசா கேட்டாலோ உடனே காட்டுங்க, காத்தாடி உடைஞ்சு உள்ள போற வரைக்கும் காத்திருக்காதீங்க.

பழைய எல்என் 106க்கு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. ஹெட் மாத்தி, பம்ப பழைய அளவுக்குக் குறைச்சு, புது மூடி போட்டு ராகலைப் பக்கம் ஒரு அண்ணனுக்குக் குடுத்தாச்சு. அவருக்கு நாலு பக்கமும் பள்ளத்துக் காணி, அங்க இருந்து ரோட்டுக்கு சாமான ஏத்தி லொறிக்கு மாத்தி விடுறதுதான் வேலை, நாளைக்கு இருபது தடவை நடை வேகத்துல, முதல் கியர்ல. அவரும் டர்போதான் கேட்டாரு. வேணாம்ணே, உங்க வேலைக்கு 1500 சுத்துக்கு மேல வண்டி போறதே இல்லன்னு சொல்லி இதக் குடுத்தேன், ஒரு வருஷமா கிளட்ச்சத் தொடல. அவரு ஒரு நாளும் தம்புள்ளைக்கோ கெப்பெட்டிபொலைக்கோ அதுல போறதில்ல, போறதா இருந்தா நான் யோசிச்சிருப்பேன்.

மாமா இப்பவும் வாரத்துக்கு மூணு நடை கெப்பெட்டிபொல போறாரு. கராஜ் பக்கம் வந்தா பிரேக் ஒயில் டப்பா மூடிய அவரே திறந்து நிறத்தப் பார்த்துட்டுத்தான் தேத்தண்ணி குடிக்க உக்காருவாரு.